மருந்து போகும் இடமெல்லாம்

வணக்கம் நேயர்களே.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக யாழ்ப்பாணத்தில் மருந்தாளராக வேலை செய்தவள் நான். அந்தக் காலத்தின் பெரும்பகுதி ஒரு சிறிய யன்னலுக்குப் பின்னால் கழிந்தது. அப்பால் கிளினிக் கொப்பியும் பையுமாக நீண்ட வரிசை. அந்த வரிசையில் நின்ற ஓர் அம்மாவிலிருந்து இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன்.

அறுபதை அண்டிய வயது. வரட்டு இருமல். சளி இல்லை, காய்ச்சல் இல்லை. இரவில் படுத்தால் கூடுகிறது. நான்கு மாதமாகப் பாணி மருந்து மாற்றி மாற்றிக் குடித்திருக்கிறார். ஆடாதோடை அவித்துக் குடித்திருக்கிறார். காசநோயாக இருக்குமோ என்று பயந்து சளியும் சோதித்தாகிவிட்டது. அன்றும் இருமலுக்கு ஏதாவது தரும்படிதான் கேட்டார். கொப்பியைப் புரட்டினேன். குருதி அமுக்கத்துக்கு எனலப்பிரில் தொடங்கி ஐந்து மாதம் ஆகியிருந்தது.

எனலப்பிரில் உடலுக்குள் போய் என்ன செய்கிறது? குருதிக் குழாய்களை இறுக்கும் அஞ்சியோடென்சின் என்ற பொருளை ஆக்கித் தரும் ஒரு நொதியம் நம்மிடம் இருக்கிறது. எனலப்பிரில் அந்த நொதியத்தைத் தடுக்கிறது. குழாய்கள் தளர்கின்றன, அமுக்கம் இறங்குகிறது. ஆனால் அதே நொதியத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைப்பதும் அதுதான். நொதியம் கட்டுண்டு கிடந்தால் பிராடிகைனின் சுவாசக் குழாயில் தேங்குகிறது, அங்குள்ள நரம்புகளைச் சீண்டுகிறது, இருமல் வருகிறது. எத்தனை போத்தல் பாணி குடித்தாலும் அது இந்த இடத்தைத் தொடாது.

இந்த மருந்துக் குடும்பத்தின் பூர்வீகம் ஒரு பாம்பு. பிரேசில் நாட்டு ஜராராக்கா விரியன் கடித்தவர்களுக்குக் குருதி அமுக்கம் சடுதியாக விழுந்துவிடும். 1960களில் சேர்ஜியோ ஃபெரேரா என்ற பிரேசில் விஞ்ஞானி, அந்த நஞ்சில் பிராடிகைனினின் வலுவைக் கூட்டும் ஒரு பொருள் இருப்பதைக் கண்டார். அதைத் தொடர்ந்து போனபோதுதான் நொதியத்தைத் தடுக்கும் வழி தெரிந்தது. கப்டோபிரில் என்ற முதல் குளிசை பிறந்தது. ஆக, இருமலை உண்டாக்கும் பிராடிகைனின் இந்தக் கதையில் முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது.

‘பக்கவிளைவு’ என்ற சொல்லில் எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை. எங்கோ பக்கவாட்டிலிருந்து வேண்டாத ஒன்று புகுந்துவிட்டது போன்ற நினைப்பை அது தருகிறது. பெரும்பாலான மருந்துகளில் அப்படி நடப்பதில்லை. நோயைத் தணிக்கும் அதே செயல், உடலின் வேறோர் இடத்தில் நடக்கும்போது நமக்குத் தொல்லையாகிறது. விழுங்கிய குளிசைக்கு எந்த உறுப்பில் வலி என்று தெரியாது. குருதியோடு எல்லா இடமும் போகிறது. தனக்குப் பொருந்தும் ‘வாங்கி’ என்ற ஒட்டிடம் எங்கே இருந்தாலும் போய் ஒட்டிக்கொள்கிறது. தும்மலுக்குப் போடும் பிரிட்டோனைப் பாருங்கள். மூக்கில் ஹிஸ்டமின் என்ற பொருளைத் தடுத்தால் நீர் வடிவது நிற்கிறது. மூளையில் அதே ஹிஸ்டமின்தான் நம்மை விழித்திருக்க வைக்கிறது. அங்கும் தடுத்தால் தூக்கம். அதைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது.

தொய்வுக்காரர், அதாவது ஆஸ்துமாக்காரர், மருந்தை உள்ளிழுக்கும் ‘பம்’ பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் அதற்கு அவ்வளவு பயம். பம் அடித்தால் பழகிவிடும், இதயம் கெட்டுவிடும், பிள்ளைக்குக் குளிசையே போதும் என்று எத்தனை தாய்மார் யன்னலடியில் என்னோடு வாதாடியிருக்கிறார்கள்! சல்பியூற்றமோல் பம் ஒரு தடவை அழுத்தினால் வருவது 100 மைக்கிரோகிராம். சல்பியூற்றமோல் குளிசை ஒன்றில் 2 அல்லது 4 மில்லிகிராம் இருக்கும். 4 மில்லிகிராம் என்றால் 4000 மைக்கிரோகிராம். நாற்பது அழுத்தலுக்குச் சமம். பம் மருந்து நேரே சுவாசக் குழாய்க்குப் போகிறது. குளிசையோ வயிறு, ஈரல், குருதி என்று சுற்றி வந்து சேருகிறது. வழியில் இதயத்தைப் படபடக்க வைக்கிறது, கைவிரல்களை நடுங்க வைக்கிறது. பயப்படுவதென்றால் குளிசைக்கல்லவா பயப்பட வேண்டும்? ஆனால் பம்மைச் சரியாக உள்ளிழுக்கத் தெரிய வேண்டும். வாயில் வைத்து அழுத்திவிட்டு மருந்தை நாக்கிலே விடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கிளினிக்கில் ஒருமுறை செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஐப்பசியில் கந்தசஷ்டி வரும்போது எனக்கு ஆண்டுதோறும் ஒரு கவலை. ஆறு நாளும் ஒருநேரம் பாலும் பழமும் மட்டும் எடுத்து விரதம் இருப்பவர்களில் நீரிழிவுக்காரர் எத்தனையோ பேர். சாப்பாட்டை விடுகிறார்கள்; குளிசையை விடுவதில்லை. கிளிக்கிளசைட் போன்ற குளிசைகள் சதையி, அதாவது கணையம், என்ற உறுப்பைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. வெறும் வயிற்றில் இன்சுலின் சுரந்தால் குருதியில் சீனி அடிமட்டத்துக்கு இறங்குகிறது. வியர்வை, நடுக்கம், தலைச்சுற்று, பிறகு பேச்சுத் தடுமாற்றம், மயக்கம். சூரன்போர் பார்க்கப் போன இடத்தில் விழுந்தவரை ‘விரதக் களை’ என்று நிழலில் கிடத்தி விசிறிக்கொண்டிருப்பார்கள். விழுங்க முடிகிறவரானால் மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்து உடனே கொடுங்கள். நினைவு மங்கியவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; புரைக்கேறும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள். குருதி அமுக்கத்துக்கு அற்றனலோல் போடுபவருக்கு இன்னொரு சிக்கல்: அந்த நடுக்கத்தையும் படபடப்பையும் அது மறைத்துவிடும், வியர்வை மட்டுமே எச்சரிக்கும். மெற்போமின் என்ற நீரிழிவுக் குளிசை மட்டும் எடுப்பவர்களுக்குச் சீனி இப்படி விழுவது அரிது. அது சதையியைத் தூண்டுவதில்லை. விரதம் இருக்க வேண்டாம் என்று நான் யாரையும் தடுத்ததில்லை. விரதத்துக்கு ஒரு கிழமை முன்னரே வைத்தியரிடம் சொன்னால் குளிசையின் அளவையும் நேரத்தையும் மாற்றித் தருவார்.

இனி மழைக்காலம், டெங்குக் காய்ச்சலின் காலம். உடல் உளைவு தாங்காமல் டைக்குளோபினாக், ஐபுபுரூபன், அஸ்பிரின் தேடுகிறார்கள். இவை புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உண்டாவதைத் தடுத்து வலியைக் குறைப்பவை. வயிற்றின் உட்சுவரைக் காப்பதும் புரோஸ்டாகிளாண்டின்தான். குருதி கசிவதை நிறுத்தக் குருதிச் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதையும் இந்த மருந்துகள் குழப்புகின்றன. டெங்குவில் சிறுதட்டுகள் ஏற்கெனவே குறைந்து போயிருக்கும். அந்த வேளையில் வயிறும் புண்ணானால் குருதி கசியத் தொடங்கும். காய்ச்சல் என்றால் பரசிற்றமோல் மட்டும்.

அதற்கும் எல்லை உண்டு. வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. மெலிந்தவருக்கும் ஈரல் நோயாளிக்கும் இன்னும் குறைவு. பரசிற்றமோலின் ஒரு சிறு பங்கை ஈரல் நச்சுப்பொருளாக மாற்றுகிறது. அதை அடக்கும் குளுட்டாதயோனும் ஈரலிலேயே இருக்கிறது. அளவு மீறினால் அந்தக் கையிருப்பு தீர்ந்து, நச்சு ஈரலையே அழிக்கிறது. முதல் நாள் வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது என்பதுதான் கொடுமை. எட்டு மணித்தியாலத்துக்குள் அந்த நச்சை முறிக்கும் மருந்து ஏற்றினால் ஏறக்குறைய எல்லோரையும் காப்பாற்றலாம். அளவு மீறிப் போட்டுவிட்டால் வருத்தம் தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அளவு தெரியாமல் மீறுவது எப்படி? பனடோல் ஒன்று, தடிமனுக்கு வாங்கிய வேறு பெயருடைய குளிசை இன்னொன்று, இரண்டுக்குள்ளும் பரசிற்றமோல். இதனால்தான் பேராசிரியர் சேனக்க பிபிலே பெரியவர் என்று நான் சொல்வேன். மருந்தை நிறுவனம் வைத்த பெயரால் அல்ல, அதன் சொந்தப் பெயரால் எழுதவும் வாங்கவும் வேண்டும் என்று போராடியவர் அவர். 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பதை விட்டு, கீழே சிறிய எழுத்தில் இருக்கும் பெயரைப் படியுங்கள். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

அந்த அம்மாவுக்கு வருகிறேன். மருந்தை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. சட்டென்று நிறுத்தினால் அமுக்கம் ஏறும். கொப்பியில் ஒரு துண்டு எழுதிவைத்து வைத்தியரிடம் அனுப்பினேன். அவர் லொசாட்டனுக்கு மாற்றினார். அது நொதியத்தை விட்டுவிட்டு, அஞ்சியோடென்சின் போய் ஒட்டும் வாங்கியை மறிப்பது, பிராடிகைனின் தேங்காது. அடுத்த கிளினிக் நாளில் அம்மா யன்னலடிக்கு வந்தார். கலண்டர்த் தாள் ஒன்றை நான்காக மடித்துக் கொண்டுவந்திருந்தார். இருமிய இரவுகளுக்கெல்லாம் பென்சிலால் புள்ளடி போட்டிருந்தார். பதினெட்டாம் திகதிக்குப் பிறகு புள்ளடி இல்லை.