எதை வைத்துக்கொள்வது, எதைப் பழைய பேப்பரில் போடுவது? – இந்த வருட அசைன்மென்ட்கள்

எல்லோருக்கும் வணக்கம். பரீட்சை முடிந்துவிட்டது. எனக்குப் பின்னால் தரையில் ஒரு குவியல் தெரிகிறதா? அத்தனையும் இந்த வருடம் நான் எழுதிய அசைன்மென்ட்கள். ரெக்கார்டு நோட்டு, சார்ட், கிராஃப் ஷீட் எல்லாம் அதில் கலந்து கிடக்கின்றன. "வைப்பதை வை, மற்றதைப் பழைய பேப்பரில் போடு" என்று அம்மா இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சரி, தனியாக உட்கார்ந்து பிரிப்பதற்குப் பதிலாக உங்களோடு பேசிக்கொண்டே பிரிக்கலாம் என்று கேமராவை வைத்துவிட்டேன்.

முதலில் கையில் வருவது இந்தச் சார்ட். கொஞ்சம் அருகில் காட்டுகிறேன். நான்கு பக்கமும் ஸ்கெட்ச் பேனாவில் பூ பார்டர், நடுவில் விஞ்ஞானிகளின் வாழ்க்கைக் குறிப்பு. மூன்று நாள் ஆனது. வகுப்புச் சுவரில் வருடம் முழுக்கத் தொங்கியது. இதில் இருக்கிற ஒரு வரியாவது எனக்கு நினைவிருக்கிறதா என்று நேற்று இரவு கண்ணை மூடி யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. பூவின் நிறம்தான் வந்தது. பார்த்து எழுதியதெல்லாம் இப்படித்தான், கண்ணிலிருந்து கைக்குப் போய்விடுகிறது, நடுவில் எங்கும் நிற்பதில்லை. இது போகட்டும்.

அடுத்தது கணக்கு. இந்த ஒரு தாளை நான் யாருக்கும் தர மாட்டேன். டீச்சர் வகுப்பை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதி வீட்டில் நாணயத்தை 200 முறை சுண்டி, தலையா பூவா என்று வரிசையாக எழுதிவர வேண்டும். மறு பாதி சுண்டவே கூடாது, சுண்டியது போல மனதிலிருந்தே 200 எழுத வேண்டும். யார் எந்தப் பாதி என்று தாளில் குறிக்கக் கூடாது. நான் மனதிலிருந்து எழுதும் பாதியில் இருந்தேன். தலை, பூ, பூ, தலை என்று மிகவும் கவனமாகக் கலந்து கலந்து எழுதினேன். மறுநாள் டீச்சர் என் தாளை எடுத்தார், பத்து விநாடிகூடப் பார்க்கவில்லை, "இது கற்பனை" என்று தனியாக வைத்துவிட்டார். அநேகமாக எல்லாத் தாள்களையும் சரியாகப் பிரித்தார்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டோம். என் தாளில் எங்கு பார்த்தாலும் தொடர்ந்து நான்கு தலைக்கு மேல் இல்லை. ஐந்தாவதையும் தலை என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அது செயற்கையாகத் தெரியுமோ என்று தோன்றியது. ஆனால் உண்மையிலேயே 200 முறை சுண்டினால், தலையோ பூவோ தொடர்ந்து ஆறு முறையாவது எங்கேனும் வருவதற்கான வாய்ப்பு 95 சதவீதத்துக்கும் மேல். நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது. "இப்போதுதானே ஐந்து தலை விழுந்தது, கொஞ்சம் மாற்றுவோம்" என்று அது நினைக்காது. நாம்தான் நினைக்கிறோம். நிகழ்தகவுப் பாடத்தில் இதற்குமுன் எத்தனையோ கணக்கு போட்டிருக்கிறேன், விடையும் சரியாக வந்திருக்கிறது. ஆனால் அந்தப் பத்து விநாடியில் புரிந்தது அதிலெல்லாம் புரியவில்லை.

அப்புறம் தமிழ். சுருக்கி வரைதல் உங்களுக்கெல்லாம் தெரியும், மூன்றில் ஒரு பங்காக எழுத வேண்டும். எங்கள் ஆசிரியர் அதோடு விடவில்லை. தேனீயின் நடனத்தைப் பற்றி ஒரு 300 சொல் கட்டுரை தந்தார். அதை 100 சொல்லில் எழுத வேண்டும், பிறகு அந்த நூறை முப்பதாக்க வேண்டும். நூறு வரை சுலபம். முப்பதுக்கு வரும்போது எதை வெட்டினாலும் மனசு கேட்கவில்லை. அந்த நடனத்தின் பொருளைக் கண்டறிந்த கார்ல் வான் ஃப்ரிஷ்ஷுக்கு 1973-ல் நோபல் பரிசு கிடைத்தது என்று ஒரு வரி இருந்தது. அது எனக்கு மிகவும் பிடித்த வரி, அதை விடவே முடியவில்லை.

தாள் திரும்பி வந்தபோது அதில் மதிப்பெண் இல்லை. சிவப்பு மையில் இரண்டே சொல்: "தேனீயைக் காணோம்." எனக்குக் கோபம்தான் வந்தது. பத்துக்கு எவ்வளவு என்று சொன்னால் போதாதா? பிறகு படித்துப் பார்த்தேன். ஆமாம், என் முப்பது சொல்லில் விஞ்ஞானி இருக்கிறார், பரிசு இருக்கிறது, வருடம் இருக்கிறது. தேனீ என்ன செய்கிறது என்பது இல்லவே இல்லை. திரும்ப எழுதியதை வாசிக்கிறேன்: "கூட்டில் தேனீ ஆடும் நடனத்தின் கோணம், சூரியனைப் பொறுத்து உணவு இருக்கும் திசையைச் சொல்கிறது; உடலை அசைத்தபடி ஓடும் நேரம், தூரத்தைச் சொல்கிறது." முப்பதுகூட ஆகவில்லை!

இதைப் பற்றிப் பிறகு தேடியபோது, ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. சில மாணவர்களுக்குக் கருத்து மட்டும் எழுதித் தந்தார்கள், சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்கு இரண்டும். கருத்து மட்டும் பெற்றவர்கள்தான் அடுத்த முறை முன்னேறினார்கள். இரண்டையும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. என் அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன், அது அப்படியே உண்மை. மதிப்பெண் மட்டும் போட்டிருந்தால் ஏழா எட்டா என்று பார்த்துவிட்டு மூடி வைத்திருப்பேன்.

குழு ப்ராஜெக்ட்டை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எரிமலை மாடல், தெர்மோகோலில் செய்தோம். வினிகரும் சமையல் சோடாவும் சேர்த்தால் நுரை பொங்கும், எல்லோரும் கைதட்டுவார்கள். ஆனால் அது அமிலமும் காரமும் சேர்ந்து கரியமில வாயு வெளிவருவது. நிஜ எரிமலையில் அந்த வினை நடப்பதில்லை. உருகிய பாறைக்குழம்பு மேலே வர வர அழுத்தம் குறைந்து, அதில் கரைந்திருக்கும் வாயுக்கள் விரிவதால்தான் வெடிக்கிறது. சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்து காட்டியிருந்தால்கூட இதைவிட நெருக்கமாக இருந்திருக்கும். அழகாக இருக்கிறது என்பதற்காகத் தவறான ஒன்றைக் கற்றுக்கொடுக்கும் ப்ராஜெக்ட் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

சரி, இப்போது நான் பேச வந்த விஷயம். இந்தக் கிராஃப் ஷீட்.

இயற்பியலில் தனி ஊசல். நூலில் ஒரு குண்டைக் கட்டி ஆடவிட்டு, 20 அலைவுக்கு, அதாவது 20 முறை போய்த் திரும்புவதற்கு, எவ்வளவு நேரம் என்று அளந்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். விடை புத்தகத்திலேயே இருக்கிறது, ஏறத்தாழ 9.8. அதனால் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு நேரத்தை எழுதிவிடுவது ரொம்ப சுலபம். ஆனால் எங்கள் ஆசிரியர், "9.8 வந்தால் பாராட்டு கிடையாது, உங்களுக்கு என்ன வந்ததோ அது ஏன் வந்தது என்று எழுதினால்தான் மதிப்பெண்" என்றார்.

எனக்கு முதலில் வந்தது 10.6. நூல் 100 சென்டிமீட்டர், நேரம் 38.6 விநாடி. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அதேதான். நான்காவது முறை என் தோழி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "நீ குண்டை விடும்போதே ஒன்று என்கிறாயே" என்றாள். விடும்போது ஓர் அலைவும் முடியவில்லை. அப்போது சொல்ல வேண்டியது சுழியம். நான் இருபது என்று நிறுத்தியபோது உண்மையில் முடிந்திருந்தது 19 அலைவுதான்! சுழியத்திலிருந்து எண்ணினேன். 40.6 விநாடி. முடுக்கம் 9.58.

நெருங்கிவிட்டது. ஆனால் இன்னும் சரியில்லை, இனி எண்ணுவதில் பிழையும் இல்லை. 40, 60, 80 சென்டிமீட்டரிலும் அளந்து, நீளத்துக்கு எதிரே அலைவு நேரத்தின் வர்க்கத்தைக் குறித்தேன். அழகான நேர்கோடு. கேமராவுக்கு அருகில் பிடிக்கிறேன், பாருங்கள். கோடு மூலை வழியாகப் போக வேண்டும். நீளம் சுழியம் என்றால் நேரமும் சுழியம்தானே? ஆனால் இது மூலைக்குச் சற்று மேலே, 0.1-ல் வெட்டுகிறது. பென்சிலால் அதைப் பின்னால் நீட்டினேன். நீளம் சுழியத்துக்கும் இரண்டரை சென்டிமீட்டர் இடது பக்கம் போய் நீளத்தைக் குறிக்கும் அடிக்கோட்டைத் தொட்டது.

இரண்டரை சென்டிமீட்டர். குண்டைக் கையில் எடுத்தேன். நான் நூலைக் கொக்கி வரைதான் அளந்திருந்தேன். ஊசலின் நீளம் என்பது குண்டின் நடு வரை. கொக்கியின் உயரத்தையும் குண்டின் ஆரத்தையும் ஸ்கேல் வைத்து அளந்து கூட்டினேன், 2.5. நான் செய்த பிழை எத்தனை மில்லிமீட்டர் என்று இந்தத் தாள் எனக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தது! கையெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. 102.5 என்று போட்டால் 9.82.

முதல் நாளே 9.8 என்று எழுதிக் கொடுத்திருந்தால் அந்த இரண்டரை சென்டிமீட்டரை நான் சந்தித்திருக்கவே மாட்டேன். அதை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது. இந்த வருடம் அப்படி எத்தனை பாடங்களில் விடையை நேராக எழுதிவிட்டு வந்திருப்பேன்?

ஆக, நாணயத் தாள், தேனீத் தாள், இந்தக் கிராஃப். இவை மூன்றும் இந்தப் பக்கம். மற்றவற்றை மாலையில் கட்டி வைத்துவிடுவேன்.

அதற்குமுன் ஒன்று செய்ய வேண்டும். மாடிப்படிக் கைப்பிடியில் ஒரு நூல் கட்டியிருக்கிறேன், அங்கே தெரிகிறது பாருங்கள். இந்தத் தடவை குண்டின் நடு வரை சரியாக 2 மீட்டர். நீளம் இரட்டிப்பானால் நேரம் இரட்டிப்பாகாது, இரண்டின் வர்க்கமூலம் மடங்குதான் கூடும். அதன்படி 20 அலைவுக்கு ஏறத்தாழ 56.7 விநாடி வர வேண்டும். இன்னும் ஆடவிட்டுப் பார்க்கவில்லை, உங்களோடு சேர்ந்துதான் பார்க்கப் போகிறேன். ஸ்டாப் வாட்ச் கையில் இருக்கிறது. குண்டை விடுகிறேன்.

சுழியம்.