கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

வணக்கம். உலகத்தில் நல்ல தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது என்பதைக் கேட்டுக் கேட்டு உங்களுக்கே பழகியிருக்கும். அதனால் நேராக ஒரு ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

விண்ட்ஹூக், தென்மேற்கு ஆப்பிரிக்காவில் நமீபியாவின் தலைநகரம். வருஷத்துக்கு 360 மில்லிமீட்டர் சொச்சம் மழை பெய்தாலே அங்கே பெரிய விஷயம் (சென்னையில் சராசரி 1,400), பெய்கிற கொஞ்சமும் வெயிலில் ஆவியாகிவிடும், வற்றாத ஆறுகள் எல்லாமே நாட்டின் எல்லையில்தான் ஓடுகின்றன. எங்கே போய்த் தண்ணீர் எடுப்பது? 1968-லேயே அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஊர் கழித்த சாக்கடை நீரையே சுத்தம் செய்து திரும்பக் குழாயில் விட்டார்கள், குடிக்க.

முகம் சுளிக்காதீர்கள். வீட்டுக் கழிவுநீரை முதலில் ஒரு நிலையத்தில் வழக்கம்போலச் சுத்திகரித்து, அப்புறம் கோரியங்காப் என்ற இடத்து ஆலைக்குக் கொண்டுபோய் ஓசோன், மணல் வடிகட்டி, கரி வடிகட்டி, மிக நுண்ணிய சவ்வு, கடைசியில் குளோரின் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்துகிறார்கள். ஏதாவது ஒரு அளவு தப்பினால் அந்தத் தண்ணீர் ஊருக்குள் போகாது. தேறியதை மற்ற தண்ணீரோடு கலந்துதான் அனுப்புகிறார்கள். 2002-ல் வந்த புதிய ஆலையின் திறன் தினம் 2.1 கோடி லிட்டர், ஊரின் குடிநீரில் ஏறக்குறைய கால்வாசி. ஆனால் என்னைக் கேட்டால் இயந்திரங்களைவிட முக்கியமான வேலை அதற்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது: தொழிற்சாலைக் கழிவை வீட்டுக் கழிவோடு சேரவே விடுவதில்லை, அதற்குத் தனி வழி. சாயமும் ரசாயனமும் கலந்துவிட்ட பிறகு எந்த வடிகட்டியை வைத்து என்ன செய்வது?

நம் பக்கம் வருவோம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே வருஷம் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தினம் 4.5 கோடி லிட்டர் திறனுள்ள ஆலைகள் ஒவ்வொன்று வந்ததை எத்தனை பேர் கவனித்தோம்? கழிவுநீரைச் சுத்தம் செய்து மணலி, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிற ஆலைகள் அவை. அங்கே போகிற ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு லிட்டர் குடிநீர் மிச்சம். ரயிலைவிட இதைத்தான் நாம் அதிகம் பேசியிருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். இன்னும் நிறைய ஊர்களுக்கு இது வேண்டும், நகராட்சியிடம் கேட்கவும் வேண்டும்.

வீட்டிலும் ஒன்று உண்டு. சமையலறையில் ஆர்.ஓ. இயந்திரம் இருந்தால் அதன் பின்னாலிருந்து ஒரு மெல்லிய குழாய் சிங்குக்குள் இறங்கும், பாருங்கள். பல வீடுகளில் குடிக்கக் கிடைப்பதைவிட அதில் போவதுதான் அதிகம். அந்தக் குழாயை ஒரு வாளியில் விட்டுவையுங்கள். உப்பு கூடுதலாக இருக்கும் என்பதால் செடிக்கு ஊற்ற வேண்டாம், தரை துடைக்கவும் கழிவறைக்கு ஊற்றவும் தாராளமாகப் போதும்.