அஸூர் சான்றிதழின் காலாவதித் தேதியை இன்றே பாருங்கள்

வணக்கம். திரையில் நீங்கள் பார்ப்பது மைக்ரோசாஃப்டின் பயிற்சி, சான்றிதழ் தளமான மைக்ரோசாஃப்ட் லேர்னில் உள்ள என்னுடைய கணக்கு. மைக்ரோசாஃப்டின் மேகக்கணிமைச் சேவையான அஸூரை நிர்வகிப்பவர்களுக்கான அஸூர் அட்மினிஸ்ட்ரேட்டர் அசோசியேட் என்ற சான்றிதழின் பெயரும், அதற்கான காலாவதித் தேதியும், புதுப்பிப்பதற்கான பொத்தானும் இந்தப் பக்கத்தில் இருக்கின்றன. அந்தத் தேதியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். ஏனென்றால் அதைக் கவனிக்காமல் விட்டு ஒருமுறை சான்றிதழை இழந்தவன் நான்.

ஒருமுறை தேறினால் ஆயுளுக்கும் போதும் என்ற காலம் இந்தத் தகவல் தொழில்நுட்பத் துறையில் உண்மையாகவே இருந்தது. கணினிப் பராமரிப்பாளர்களுக்காகக் காம்ப்டியா என்ற அமைப்பு நடத்தும் ஏ பிளஸ் தேர்வில் 2010 முடிவதற்குள் தேறியவர்களுடைய சான்றிதழுக்குக் காலாவதியே கிடையாது. 2011 ஜனவரியிலிருந்து தேறியவர்களுக்கோ மூன்று ஆண்டுகள்தான். நெட்வொர்க் சாதனங்களைத் தயாரிக்கும் சிஸ்கோ 2020 பிப்ரவரி 24 அன்று தன் தேர்வுமுறையை மாற்றியமைத்தபோது சிசிஎன்ஏ முதல் உயர்நிலைச் சான்றிதழான சிசிஐஇ வரை எல்லாவற்றுக்கும் ஒரே மூன்றாண்டுக் கணக்கை வைத்தது. பல சர்வர்களில் மென்பொருள்களை இயக்கி மேலாளும் குபர்நெட்டீஸ் அமைப்பின் நிர்வாகிகளுக்கான சிகேஏ சான்றிதழின் ஆயுளும் 2024 ஏப்ரலிலிருந்து மூன்றாண்டிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது.

மைக்ரோசாஃப்டின் மாற்றம் இவற்றினும் பெரியது. நம்மில் பலர் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டிருந்த எம்சிஎஸ்இ, எம்சிஎஸ்ஏ ஆகிய பழைய சான்றிதழ்களை அந்நிறுவனம் 2021 ஜனவரி 31 அன்று நிறுத்தியது. பணிப் பொறுப்பை அடிப்படையாகக் கொண்ட புதிய சான்றிதழ்கள் தொடக்கத்தில் இரண்டு ஆண்டுகள் செல்லுபடியாயின. அதன் பிறகு மறுபடியும் கட்டணம் கட்டித் தேர்வெழுத வேண்டியிருந்தது. 2021 ஜூன் இறுதியிலிருந்து பெறுகிற அசோசியேட், எக்ஸ்பர்ட், ஸ்பெஷாலிட்டி சான்றிதழ்களுக்கு ஆயுள் ஓராண்டுதான் என்றாலும், புதுப்பிக்கும் தேர்வுக்குக் கட்டணம் இல்லை, கண்காணிப்பாளர் இல்லை, வீட்டிலிருந்தபடியே ஆவணங்களைப் புரட்டிப் பார்த்தும் விடையளிக்கலாம். ஏஇசட்-900 போன்ற அடிப்படைநிலைச் சான்றிதழ்களுக்கு இது பொருந்தாது. அவை காலாவதி ஆவதில்லை.

ஆண்டுதோறும் தேர்வா என்று சலித்துக்கொள்பவர்களை எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்த மாற்றத்தை நான் மனமார வரவேற்கிறேன். பயனர்களின் உள்நுழைவைக் கையாளும், நான் தேறியபோது அஸூர் ஆக்டிவ் டைரக்டரி என்று படித்த சேவைக்கு 2023 ஜூலையில் என்ட்ரா ஐடி என்று பெயர் மாறியது. அட்மினிஸ்ட்ரேட்டர் தேர்வே 2018-இல் ஏஇசட்-100, ஏஇசட்-101 என்று இரண்டாக வந்து, 2019-இல் ஏஇசட்-103 என்று ஒன்றாகி, 2020-இல் ஏஇசட்-104 ஆனது. நாம் அன்றாடம் கைவைக்கிற பொருளே இந்த வேகத்தில் மாறும்போது, பழைய பாடத்தை வைத்துக்கொண்டு ஒரு வாடிக்கையாளரின் சர்வர்களைத் தொடுவது சரியாகாது. புதுப்பித்தல் தேர்வு அண்மையில் என்ன மாறியதோ அதைத்தான் பெரும்பாலும் கேட்கிறது. அதற்காகப் படிக்கிற இரண்டு மாலைகள் மறுநாள் வேலையிலேயே பயன்படுகின்றன.

சிக்கல் தேதியில் இருக்கிறது. காலாவதிக்கு முந்தைய ஆறு மாதங்களில்தான் புதுப்பிக்க முடியும். அந்தத் தேதி கடந்துவிட்டால் சலுகை நாள் ஒன்றுகூடக் கிடையாது, முழுத் தேர்வையும் கட்டணம் கட்டி முதலிலிருந்து எழுத வேண்டும். எனக்கு அதுதான் நடந்தது. முதன்முதலில் தேர்வுக்குப் பதிவு செய்தபோது அலுவலக மின்னஞ்சலைக் கொடுத்திருந்தேன். அந்த வேலையை விட்ட அன்று மாலையே அந்த முகவரி மூடப்பட்டது. நினைவூட்டல் கடிதங்கள் யாரும் திறக்காத பெட்டிக்குப் போய்க்கொண்டிருக்க, நான் சான்றிதழ் உயிரோடு இருப்பதாக நம்பி அடுத்த நிறுவனத்துக்கு விண்ணப்பித்தேன். நேர்காணலின்போது சரிபார்ப்பு இணைப்பைக் கேட்டார்கள். அப்போதுதான் அது காலாவதியாகிப் பதினொரு நாளாகியிருந்தது எனக்குத் தெரிந்தது.

அதனால் அலுவலகக் கணக்கில் சான்றிதழ் வைத்திருப்பவர்கள், அந்தக் கணக்கு கையில் இருக்கும்போதே, லேர்ன் அமைப்புகளுக்குள் போய்ச் சொந்த மின்னஞ்சலையும் இணைத்துவிடுங்கள். ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை இது.

சீக்கிரம் புதுப்பித்தால் மீதி மாதங்கள் வீணாகுமே என்று தள்ளிப்போடவும் வேண்டாம். புதிய ஓராண்டு பழைய காலாவதித் தேதியிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. ஐந்து மாதம் முன்பே தேறினாலும் ஒருநாள்கூடக் குறையாது. முதல் முயற்சியில் தேறாவிட்டால் உடனே மறுபடி எழுதலாம், அதன் பிறகு ஒவ்வொரு முயற்சிக்கும் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். கடைசி நாளில் உட்காருபவருக்கு அந்த 24 மணி நேரம் இருக்காது. திரையில் காட்டும் நாள் உலகப் பொதுநேரப்படி இரவு 11.59-க்கு முடிகிறது என்பதால் நமக்கு மறுநாள் விடியற்காலை 5.29 வரை நேரம் உண்டு என்றாலும், அந்த ஐந்தரை மணி நேரத்தை நம்பி யாரும் இருக்காதீர்கள்.

என் தேதிக்கு இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன. ஒளிப்பதிவை நிறுத்திவிட்டு இப்போதே அந்தப் பொத்தானை அழுத்தப் போகிறேன். எந்தப் பகுதியிலிருந்து அதிகமாகக் கேட்டார்கள் என்பதை அடுத்த காணொளியில் சொல்கிறேன்.