கேட்டது தாய்மொழிப் பாடம், கிடைத்தது சிறை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'திபெத்தியர் வாழ்வை மாற்றுவது வளர்ச்சியா, அரசின் கட்டுப்பாடா?' என்பது தலைப்பு. கட்டுப்பாடே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், 2006இல் திபெத்தின் தலைநகர் லாசாவுக்கு ரயில் வந்ததைப் பெருமையாகச் சொன்னார். சாலை வந்தது, வேலை வந்தது, பிள்ளைகள் சீன மொழிக்கு மாறுகிறார்கள், உலகெங்கும் நடப்பதுதானே என்றார். ரயில் வந்ததை நான் மறுக்கவில்லை. தானாக நடக்கும் மாற்றத்துக்குச் சிறைச்சாலை எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

டாஷி வாங்சுக் என்ற திபெத்தியர், சீனாவில் திபெத்தியர் வாழும் யூஷு என்ற ஊரில் கடை வைத்திருந்தார். தம் வீட்டுப் பிள்ளைகள் திபெத்திய மொழியை முறையாகக் கற்க வழியில்லையே என்ற கவலையில் 2015இல் பெய்ஜிங்குக்கே போனார். வழக்குத் தொடுக்கப் பார்த்தார், நடக்கவில்லை. நியூயார்க் டைம்ஸ் காணொளியில் முகத்தை மறைக்காமல், பெயரையும் மறைக்காமல் பேசினார். தனிநாடு வேண்டும் என்றாரா? இல்லை. எல்லா இனத்தாருக்கும் தம் மொழியைப் பயன்படுத்தவும் வளர்க்கவும் சுதந்திரம் உண்டு என்று சீன அரசமைப்பின் 4ஆம் பிரிவே சொல்கிறது. எழுதி வைத்ததைக் கொடுங்கள் என்றார், அவ்வளவுதான். 2016 ஜனவரியில் பிடித்துச் சென்றார்கள். சுமார் ஒன்பது நிமிடம் ஓடும் அந்தக் காணொளியையே அவருக்கு எதிரான சான்றாக வைத்து, பிரிவினையைத் தூண்டினார் என்று 2018இல் ஐந்தாண்டுத் தண்டனை விதித்தார்கள். எதிரணியினரே, இதில் வளர்ச்சி எங்கே வருகிறது?

பள்ளிகளைக் கட்டியிருக்கிறார்களே என்பீர்கள். சுமார் பத்து லட்சம் திபெத்தியப் பிள்ளைகள் குடும்பத்தைப் பிரிந்து அரசு உறைவிடப் பள்ளிகளில் இருப்பதாக ஐ.நா. மனித உரிமை வல்லுநர்கள் 2023இல் கவலை தெரிவித்தார்கள். ஊர்கள் தொலைதூரத்தில் சிதறிக் கிடக்கின்றன, விடுதியின்றி வழியில்லை என்பது உங்கள் பதில். பக்கத்திலிருந்த கிராமப் பள்ளிகள் மூடப்பட்டதையும் அதே வல்லுநர்கள் குறிப்பிட்டார்களே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? வீட்டுக்கு அருகில் இருந்த பள்ளியை மூடிவிட்டு, தூரத்தைக் காரணம் காட்டுவது என்ன நியாயம்?

சமயத்துக்கு வருகிறேன். தலாய் லாமாவின் படத்தை வைத்திருப்பதே ஆபத்து. மறுபிறவி எடுத்த லாமா, அதாவது பௌத்தக் குரு, யார் என்பதற்கும் அரசு ஒப்புதல் வேண்டும் என்று 2007இல் விதி போட்டார்கள். 1995 மே மாதத்தில், தலாய் லாமாவுக்கு அடுத்த நிலைக் குருவான பஞ்சன் லாமாவின் மறுபிறவியாகத் தலாய் லாமா அறிவித்த ஆறு வயதுச் சிறுவன் கெதுன் சோக்கி நியிமாவை, அறிவித்த சில நாட்களிலேயே குடும்பத்தோடு கொண்டுபோனார்கள். நலமாக இருக்கிறார் என்று அரசு சொல்கிறது. நேரில் பார்க்க எவரையும் விடவில்லை.

நடுவர் அவர்களே, அந்தச் சிறுவனைக் கொண்டுபோனது ரயிலா, அரசா என்பதை எதிரணி சொல்லட்டும், பிறகு தீர்ப்பளியுங்கள்.