கன்று முட்டினால் மடி ஏன் சுரக்கிறது?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. விடிகாலையில் கன்றை அவிழ்த்துவிடுவார்கள். அது ஓடிவந்து மடியை நான்கு முட்டு முட்டும், காம்பைக் கவ்வும். சற்று நேரத்தில் தொய்ந்து கிடந்த மடி விம்மும், காம்பு திரளும். கன்றை இழுத்துக் கட்டிவிட்டு அம்மா செம்போடு உட்காருவார்.

அந்த ஒரு நிமிடத்துக்குள் என்ன நடக்கிறது? காம்பிலுள்ள நரம்புகள் தண்டுவடம் வழியாக மூளையின் ஹைப்போதலாமஸுக்குச் செய்தி சொல்கின்றன. அங்கே உருவாகி, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியில் காத்திருக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் உடனே இரத்தத்தில் இறங்குகிறது. மடிக்கு வந்து, பால் ஊறும் நுண்ணறைகளைச் சுற்றியிருக்கும் செல்களை இறுக்கிப் பிழிகிறது. ஏற்கெனவே ஊறியிருந்த பால் காம்புக்கு வருகிறது. செய்தி போனது நரம்பில். பதில் வந்தது இரத்தத்தில்! எத்தனை முறை பாடம் நடத்தினாலும் எனக்கு இந்த வியப்பு அடங்குவதில்லை.

இரத்தத்தில்தான் வருகிறது என்று எப்படித் தெரியும்? 1941இல் அமெரிக்காவின் ஈலி, பீட்டர்சன் என்ற இருவர், பசுமடியின் ஒரு பாதிக்குப் போகும் நரம்புகளை வெட்டிப் பார்த்தார்கள். இரண்டு பாதியிலும் பால் இறங்கியது. மடிக்குப் பதில் நரம்பு வழியாக வரவில்லை என்பது அதில் தெரிந்தது. பசுவை மிரட்டியும் பார்த்தார்கள். முதுகில் பூனையை ஏற்றினார்கள். காகிதப் பைகளை ஊதி வெடித்தார்கள். பால் இறங்கவில்லை. அச்சம் வந்தால், சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியை நரம்பு நேரடியாகத் தூண்டிவிடும். அது விடும் அட்ரினலின் என்ற ஹார்மோன் பாய்ந்து, மடியின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். இரத்தத்தில் வரும் ஆக்சிடோசின் மடிக்குச் சரியாகப் போய்ச்சேராது.

எல்லாச் சுரப்பிகளும் இப்படி நரம்பை எதிர்பார்ப்பதில்லை. கணையத்தின் பீட்டா செல்கள் இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதைத் தாமே உணர்ந்து இன்சுலினை விடுகின்றன. தைராய்டுக்கோ பிட்யூட்டரியிலிருந்து வேறொரு ஹார்மோன் வந்து சொல்ல வேண்டும். அவற்றை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.

மடியைப் பற்றியே இன்று இவ்வளவு பேசக் காரணம், பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் இதே வழிதான் என்பது. குழந்தையின் அழுகுரல் காதில் விழுந்ததுமே பால் கசிந்து ரவிக்கை நனைவதைத் தாய்மார்கள் அறிவார்கள். ஆனால் பிள்ளை பெற்றவளின் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு, "உனக்குப் பாலே இல்லையே, பிள்ளை இளைத்துப்போகிறதே" என்கிறோம். அவள் கலங்குகிறாள். ஆக்சிடோசின் தடைப்படுகிறது. மார்பில் பால் இருந்தும் இறங்க மறுக்கிறது. உடனே புட்டிப்பாலுக்கு ஆள் அனுப்புகிறோம்.

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கூட்டமாக நிற்பவர்கள் வெளியே வந்துவிடுங்கள். குழந்தையை அவள் மார்போடு தோல் படக் கிடத்துங்கள். அவள் முதுகை யாராவது ஒருவர் மெல்ல நீவிக்கொடுங்கள்.