நகரத்துச் சிற்பங்களை எங்கே போய்த் தேடுவது?

ஒரு வாசகரின் கேள்வி. ஒரு பெரிய நகரத்துக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறாராம். "பொது இடங்களில் இருக்கும் சிற்பங்களைப் பார்க்க ஆசை. தேடினால் எல்லோரும் படம் பிடிக்கிற அதே நாலைந்துதான் வருகின்றன. மற்றவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது?" என்கிறார்.

சரி. தெருவில் ஒரு சிற்பம் நிற்கிறது என்றால், யாரோ அதற்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பணம் எந்த வழியில் வந்தது என்று பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பல நகரங்களில் இதற்கு விதியே உண்டு. கட்டடச் செலவில் ஒரு சதவீதம் கலைக்குப் போக வேண்டும். அமெரிக்காவின் பிலடெல்பியா இதை 1959-லேயே கொண்டுவந்தது. அங்கே நகர மன்றக் கட்டடத்துக்கு எதிரே 45 அடி உயரத்தில் ஒரு துணி கிளிப் நிற்கிறது. ஆமாம், கொடியில் துணி காயப்போடும்போது மாட்டுகிற அதே கிளிப். கிளேஸ் ஓல்டன்பர்க் 1976-ல் செய்தது. பின்னால் இருக்கும் அலுவலகக் கட்டடத்தைக் கட்டியவர் அந்த ஒரு சதவீதக் கணக்கில் செய்யச் சொன்னதுதான். பிரான்சில் இந்த விதி 1951-ல் பள்ளி, பல்கலைக்கழகக் கட்டடங்களோடு தொடங்கியது. அங்கே கல்லூரி வளாகங்களைச் சுற்றினாலே நிறையக் கிடைக்கும்.

நியூயார்க்கில் வேறு கதை. 1961-ல் வந்த விதிப்படி, கட்டடத்துக்கு முன்னால் பொதுமக்களுக்கு இடம் விட்டால் கூடுதல் மாடி கட்டிக்கொள்ளலாம். அப்படி உருவான முற்றங்களில் சிற்பங்கள் வந்து சேர்ந்தன. 140 பிராட்வே கட்டடத்தின் முன் இசாமு நொகுச்சியின் சிவப்புக் கனசதுரம் 1968 முதல் ஒரே முனையில் நிற்கிறது. காவலாளியைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் இந்த மாதிரி முற்றங்களைத் தவறவிடுவார்கள். நீங்கள் தயங்காதீர்கள், அது நீங்கள் நடப்பதற்காக விட்ட இடம்.

மெட்ரோவையும் விடாதீர்கள். ஸ்டாக்ஹோமில் நூறு நிலையங்களில் தொண்ணூறுக்கு மேல் கலைப்படைப்புகள் இருக்கின்றன. ஒரு டிக்கெட் போதும்.

அப்புறம், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் இணைய வரைபடத்தில் கலைப்படைப்புக்கென்று தனிக் குறி உண்டு; யாராவது ஆர்வலர் குறித்து வைத்திருந்தால் உங்கள் பகுதியிலும் புள்ளி புள்ளியாகத் தெரியும். நேரில் போகும்போது பீடத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள். முன்னால் பலகை இல்லாவிட்டாலும், வெண்கலத்தில் சிற்பியின் கையெழுத்தோ வார்ப்பகத்தின் முத்திரையோ இருக்கக்கூடும். அந்தப் பெயரைப் போட்டுத் தேடினால் அதே ஊரில் அவர் செய்த இன்னொன்று சிக்கும்.

கண்ணுக்கே தெரியாததும் உண்டு. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில், நடைபாதைக் கம்பிச் சட்டத்துக்குக் கீழிருந்து ஒரு ரீங்காரம் வரும். மேக்ஸ் நியூஹவுஸ் என்ற கலைஞர் 1977-ல் வைத்த ஒலிப் படைப்பு அது. 1992-ல் நின்று, 2002-ல் திரும்ப வந்தது. பலகை எதுவும் கிடையாது. பலர் சுரங்க ரயில் சத்தம் என்று நினைத்து மேலே நடந்துபோகிறார்கள். இதையெல்லாம் நடந்தே கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால் உங்கள் நகராட்சி பொதுக் கலைப் பட்டியல் வெளியிட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.