அடுத்த கிழமை வாங்க

வணக்கம். கொழும்பு, புறக்கோட்டையில் ஒரு மின்சாதனக் கடையில் 18 வருடம் கௌண்டரில் நின்றவன் நான். பழுதான சாமானைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்களுக்குச் சட்டம் என்ன உரிமை தருகிறது என்று பேச வரச் சொன்னார்கள். "அதற்கு ஒரு சட்டத்தரணியை அல்லவா கூப்பிட வேண்டும்?" என்றேன். "கௌண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற ஆள்தான் வேண்டும்" என்றார்கள். சரி, அப்படியென்றால் அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் கடையில் பழுதான சாமானோடு வருகிறவரிடம் "முடியாது" என்று நாங்கள் சொன்னதே இல்லை. முடியாது என்றால் ஆள் சத்தம் போடுவார், பக்கத்தில் நிற்கிற வாடிக்கையாளர் பயந்து போவார், அப்புறம் எங்காவது முறைப்பாடு செய்வார். அதனால் ஒரு வார்த்தை வைத்திருந்தோம்: "அடுத்த கிழமை வாங்க." எவ்வளவு மரியாதையான வார்த்தை பாருங்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த அம்மா சிரித்துக்கொண்டே போவார். அடுத்த கிழமை வருவார். "பார்ட்ஸ் இன்னும் வரவில்லை, அம்மா." அதற்கடுத்த கிழமை, "திருத்துகிற பையன் லீவு." பஸ் காசும் வெயிலும் சேர்ந்து நாலாவது தடவை பெரும்பாலானவர்கள் வரமாட்டார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை. ஆனால் சாமான் எங்களிடம், காசும் எங்களிடம்.

இந்த வார்த்தையின் முழு விலை வேலையை விட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை. அரிசி விலை, தண்ணீர்ப் போத்தல் விலை என்று சோதனைக்குப் போவதைத்தான் செய்தியில் காட்டுவார்கள். அதனால் பலர் இது விலை பார்க்கிற இடம் மட்டும்தான் என்று நினைத்திருக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் 13 ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். விற்பவரோ தயாரித்தவரோ வாயால், எழுத்தால், அல்லது சொல்லாமலே கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருளைப் பற்றி அங்கே முறையிடலாம். விசாரித்துப் பார்த்து, புதுச் சாமான் கொடு, அல்லது காசைத் திருப்பிக் கொடு, அல்லது நட்டஈடு கொடு என்று அதிகார சபை கட்டளையிடலாம்.

ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். மூன்று மாதம் என்றால் 12, 13 கிழமை. இரண்டாவது மாதக் கடைசியில் பழுது தெரிந்து, நாலு தடவை "அடுத்த கிழமை" கேட்டால் கணக்கு முடிந்தது. கையில் ஒரு வருட வாரண்டி கார்ட் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். கார்ட் ஓடுகிற காலம் வேறு, இந்தக் காலம் வேறு. அதற்குப் பிறகும் நீதிமன்றம் என்ற வழி இருக்கிறது. ஒரு ரைஸ் குக்கருக்காக அங்கே யார் போவார்?

இன்னொரு பழைய சட்டம் இருக்கிறது, 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். ரைஸ் குக்கர் என்ற ஒன்றே உலகத்தில் இல்லாத காலத்தில் எழுதியது, இன்றைக்கும் ரைஸ் குக்கருக்குப் பொருந்துகிறது. அந்த வகைப் பொருளில் வியாபாரம் செய்கிற ஒருவர், விவரம் சொல்லி விற்கிற சாமான் விற்பனைக்கு ஏற்ற தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. இல்லையென்றால் வாங்கியவர் வேண்டாம் என்று திருப்பலாம். ஆனால் நியாயமான காலம் தாண்டியும் ஒன்றும் சொல்லாமல் வீட்டில் வைத்திருந்தால், ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. அப்புறம் நட்டஈடு கேட்கலாம், பொருளைத் திருப்பிக் காசு கேட்பது கஷ்டம். அதனால் பழுது தெரிந்த உடனேயே "இது எனக்கு வேண்டாம்" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். வாட்ஸ்அப் என்றாலும் பரவாயில்லை, திகதி அதில் தானாகவே பதிந்துவிடும்.

கடையில் பார்த்து வாங்கினால் உரிமை போய்விடுமா என்று கேட்பார்கள். கௌண்டரில் நாங்கள் பிளக்கைக் குத்தி, லைட் எரிவதைக் காட்டி, "பார்த்தீங்கதானே, வேலை செய்யுது" என்போம். லைட் எரிந்தது உண்மை. சோறு வேகுமா என்பதை அந்த லைட் காட்டாது. அப்படிப் பார்த்ததில் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டிய குறைக்குத்தான் பிறகு வாய் திறக்க முடியாது. உடைந்த மூடி, நெளிந்த அடி, அந்த மாதிரி. அவற்றை அங்கேயே பாருங்கள்.

பில்லின் அடியில் "விற்ற பொருட்கள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சடித்திருக்கும். எங்கள் பில்லிலும் இருந்தது. காசை வாங்கிப் போட்ட பிறகு கையில் தருகிற கடதாசியில் உள்ளதை நீங்கள் எப்போது ஒப்புக்கொண்டீர்கள்? போதாதென்று 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டமும் இருக்கிறது. சொந்தப் பாவனைக்கு வாங்கியவரிடம், தரம் பற்றிய பொறுப்பை இப்படி ஒரு வரி எழுதித் தட்டிக்கழிக்க அது விடாது.

ஆனால் அந்த வரி செல்லுபடியாகிற இடமும் உண்டு. வெள்ளவத்தையில் சேலை எடுத்து, வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பிளவுஸுக்கு நிறம் ஒத்துவரவில்லை. அது சேலையின் பிழை இல்லை. மாற்றிக் கொடுத்தால் கடைக்காரரின் நல்ல மனசு. அதே சேலை முதல் தடவை நனைத்த தண்ணீரிலேயே சாயத்தை விட்டால் கதை வேறு. கடைக்காரர் பக்கத்தையும் சொல்லத்தானே வேண்டும்: தைப்பொங்கல் முடிந்த மறுநாள், மஞ்சள் கறையோடு பிளெண்டரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு "பெட்டியே திறக்கவில்லை, தம்பி" என்றவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், "ஏஜென்டிடம் கொண்டு போங்க" என்ற பதில். ஏஜென்ட் என்றால் அந்தக் கம்பனியின் உள்ளூர் முகவர். நீங்கள் காசு கொடுத்தது ஏஜென்டுக்கு இல்லை, கடைக்கு. பதில் சொல்ல வேண்டியது கடை. ஏஜென்ட் திருத்தித் தருவதாக ஒத்துக்கொண்டால் வசதி, போகலாம். சாமானை ஒப்படைக்கும்போது திகதியும் பழுதும் எழுதிய துண்டு ஒன்று வாங்காமல் கையை எடுக்காதீர்கள். துண்டு இல்லையென்றால் ஒரு மாதம் கழித்து "உள்ளே எறும்பு போயிருக்கு", "கரண்ட் கூடிக் குறைஞ்சிருக்கு" என்ற கதை வரும். நானே சொல்லியிருக்கிறேன். சில நேரம் உண்மையாகவே எறும்பு இருந்தது, அது வேறு.

பில்லைப் பற்றி. "பில் இல்லாமல் என்றால் கொஞ்சம் குறைக்கலாம்" என்று முதலாளி சொன்னால், அந்தக் குறைத்த காசுக்கு அவர் உங்கள் உரிமையையும் சேர்த்து வாங்குகிறார். கேட்டால் ரசீது தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. சும்மா "சாமான் 1" என்று எழுதவிடாமல் மொடல் இலக்கத்தை எழுதச் சொல்லுங்கள். இப்போதைய மெஷின் பில் சில மாதத்தில் வெள்ளைக் கடதாசியாகிவிடும், அன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள். முகநூலில் பார்த்துக் கூரியரில் வாங்குகிறவர்களுக்கும் இதேதான்: விற்பவரின் பெயரும் முகவரியும் தெரியாவிட்டால் யாருக்கு எழுதுவீர்கள்?

அதிகார சபையின் துரித இலக்கம் 1977. அலுவலகம் கொழும்பு 2, வொக்ஷோல் வீதியில். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். ஆங்கிலம் தெரிந்த பிள்ளை வெளிநாட்டிலிருந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

போன வருடம் நானும் கௌண்டருக்கு இந்தப் பக்கம் வந்தேன். வீட்டுக்கு வாங்கிய ரைஸ் குக்கர் மூன்றாவது கிழமை அடிப்பிடித்து, பிறகு சூடே ஏறவில்லை. கடையின் பெயர் வேண்டாம். கொண்டு போனேன். பொடியன் ஒருவன் சிரித்த முகத்தோடு, "அண்ணே, அடுத்த கிழமை வாங்க" என்றான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஒரு பக்கத்தில் எழுதினேன்: வாங்கிய திகதி, மொடல், என்ன பழுது, கடைக்குப் போன திகதி, அங்கே சொன்ன பதில், எனக்குப் புதுச் சாமான் அல்லது காசு வேண்டும், 14 நாளில் பதில் இல்லையென்றால் அதிகார சபைக்குப் போவேன். பில்லின் போட்டோ பிரதியை இணைத்து, பதிவுத் தபாலில் முதலாளியின் பெயருக்கே அனுப்பினேன். ஒன்பதாவது நாள் போன் வந்தது.

போனேன். அதே பொடியன்தான் புதுப் பெட்டியைத் திறந்து, பிளக்கைக் குத்தி, லைட்டைக் காட்டினான். "சோறு வேகுமா?" என்றேன். முதலாளி உள்ளே போகும்வரை பார்த்திருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "அண்ணே, அந்த லெட்டரை எப்படி எழுதினீங்க? எங்க வீட்டு ஃபேன் ஒன்று இரண்டு மாசமா வேற கடையில கிடக்குது."